பிரேமிளாவின் கைராசி

கண்டியில் நான் வேலை பார்க்கும் புடவைக்கடையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் பிரேமிளா. அவளை ராசி கெட்டவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுடைய மாமனார் செல்லச்சாமியிடம் ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் உண்டு. இடக்கையால் பிடிக்கும் கிளச் கிடையாது, ஓட்டோமட்டிக். இடது கை விளங்காத மனிதருக்கு அதை விட்டால் வேறு வண்டி இல்லை. நியூட்ரலில் இருந்தால் மட்டுந்தான் அது ஸ்டார்ட் ஆகும். கியரில் கிடந்தால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. அந்தக் காவலுக்கென்று உள்ளே ஒரு சுவிட்ச் இருந்தது.

சுவிட்ச் பழுதாகி, மழை பெய்தாலே வண்டி மக்கர் பண்ணியது. பிரேமிளாவின் கணவன் துஷாந்த் அப்பாவுக்குத் தெரியாமல் வண்டியைக் கெலிஓயாவில் ஹாஷிமின் கராஜுக்குக் கொண்டுபோனான். புது சுவிட்ச் எங்கும் கிடைக்கவில்லை. துஷாந்த் விடாமல் நச்சரிக்கவே, ஹாஷிம் சுவிட்சை விலக்கி வயரை நேராகக் கொடுத்தார். அதன்பின் எந்தக் கியரிலும் ஸ்டார்ட் ஆனது. துஷாந்த் துரைக்கு வசதியாகப் போயிற்று. நியூட்ரலுக்குக் கொண்டுவராமலே சாவியைத் திருகி நிறுத்தப் பழகிக்கொண்டான்.

ஆயுதபூசை வந்தது. வண்டிக்குச் சந்தனம் பூசி, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புது மருமகள் கையால் ஸ்டார்ட் பண்ணினால் வீட்டுக்கு நல்லது என்றாள் மாமியார் வடிவம்மா. துஷாந்த் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். குளிருக்கு எஞ்சின் வேகமாக ஓடட்டும் என்று சோக்கை இழுத்துவிட்டவனும் அவன்தான். வண்டி ஓட்டியே அறியாத பிரேமிளா பக்கத்தில் நின்று பட்டனை அழுத்தினாள். கியரில் கிடந்த வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. முன்னால் கற்பூரத் தட்டோடு நின்ற செல்லச்சாமியின் முழங்கால் நொறுங்கியது.

"வந்த கையோட வீட்டு ஆம்பளயப் படுக்க வச்சுட்டாளே," என்றாள் வடிவம்மா. அன்றிலிருந்து பிரேமிளா சாமி விளக்கைத் தொடக்கூடாது. துஷாந்த் வண்டியை மறுபடி ஹாஷிமிடமே திருத்தக் கொடுத்தான்.

பேராதனை ஆஸ்பத்திரியில் மாமனாரைப் பார்த்துவிட்டு, திருத்தக் கொடுத்த வண்டியை எடுக்க இருவரும் கெலிஓயாவுக்குப் போனார்கள். பிரேமிளா நிற்கும்போதே ஹாஷிம் கேட்டுவிட்டார்.

"நான் அன்டைக்கே செல்லினேன் தானே தம்பி, இனி கியர்லயும் ஸ்டார்ட் ஆகும், ஊட்டுல எல்லாருக்கும் செல்லி வைங்கன்னு?"

வெளியே வந்ததும் பிரேமிளா கணவனைப் பார்த்தாள். "உங்கம்மாகிட்ட இத ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

"இப்ப சொன்னா அவங்க என்னைய என்ன நெனப்பாங்க? உன்னையத்தான் ஏற்கெனவே ஏசி முடிச்சிட்டாங்களே."

இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவளே மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வடிவம்மா மகனைப் பார்த்து, "அப்படியாடா?" என்று கேட்டாள்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "வயர் வேலயப் பத்தி இவளுக்கு என்னம்மா தெரியும்? நீங்க கொழம்ப ஊத்துங்க."

வடிவம்மா குழம்பை ஊற்றினாள்.