சந்தனம் தின்ற சிலிண்டர்

செல்வின் யாரையும் மன்னிக்கிற ஆள் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். ஜெபத்தில் பிறரை மன்னிக்கிறோம் என்கிற வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் மனைவி செலினா முழங்கையால் இடித்தாலும் வாய் திறக்காது.

இராஜபாளையத்தில் லைசென்ஸோடு துப்பாக்கிக் கடை வைத்திருந்தவர் அவர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறார். காரணம் ஒரே ஆள். பேண்டேஜ் துணி ஆலை முதலாளி ஐயாதுரை.

ஐயாதுரையிடம் அவர் அப்பா விட்டுப்போன ரிவால்வர் ஒன்று உண்டு. பாயிண்ட் டூ டூ. தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி அடித்தால் வெடிக்கிற வகை. அதற்கு ரெண்டு சிலிண்டர். சாதாரணத் தோட்டாவுக்கு ஒன்று, அதைவிட நீண்டு தடித்த மேக்னம் தோட்டாவுக்கு ஒன்று. மாற்றி மாற்றி மாட்டலாம். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். அப்பா இறந்த பிறகு வந்த தேர்தலுக்கு ஐயாதுரை அதை முதல்முறையாகச் செல்வின் கடையில் ஒப்படைத்தார். தேர்தல் முடிந்து வாங்கிப்போனவர், தேவதானத்தில் உள்ள தன் தோப்பில் பன்றி விரட்டப் போய், மேக்னம் சிலிண்டரில் சாதாரணத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். பெரிய துளையில் சின்னத் தோட்டா. கூடு வீங்கிக் கிழிந்து சிக்கிக்கொண்டது.

போட்ட தோட்டா எது என்று பார்க்கவில்லை மனுஷன். செல்வின் அசல் சிலிண்டரை உருவிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிட்டதாகப் புகார் கொடுத்தார். வழக்கு நிற்கவில்லை, பேர் நின்றது. கடை லைசென்ஸ் போனது. திருட்டுப் பழி உள்ளவன் காணிக்கைத் தட்டைத் தொடக்கூடாது என்று கோயில் கமிட்டிச் செயலாளர் ஜேசுதாசன் மைக்கில் சொல்லி, கமிட்டியில் இருந்த அவரை நீக்கினார்.

அந்த ஐயாதுரையின் கார் போன வாரம் செல்வின் வாசலில் வந்து நின்றது. செல்வின் எழுந்திருக்கவில்லை.

"பழச மனசுல வைக்காத செல்வின். அந்த ரிவால்வர விக்கப் போறேன். மதுரையிலருந்து கௌதம்ராஜுன்னு ஒருத்தரு வாராரு, பழைய துப்பாக்கி சேக்கறவரு. அந்தப் புகாரு அவரு காதுக்கும் போயிருக்கு. ரெண்டு சிலிண்டரும் கம்பெனியிலருந்தே சேந்து வந்ததுன்னு நீ சொன்னாத்தான் வாங்குவாராம்."

"இம்புட்டு நாளும் டூப்ளிகேட்டுன்னீய."

"இப்ப அசல்னு சொல்லிரு. ரெண்டு பேருக்கும் நல்லதுதான்."

செல்வின் காயிலில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். "வாரேன் மொதலாளி. ஆனா ஜேசுதாசனும் அங்க இருக்கணும்."

கார் போனதும் செலினா வெளியே வந்தாள். "டூப்ளிகேட்டுன்னே சொல்லிட்டு வாங்க. நம்ம வயித்துல அடிச்சவன். அது விக்காம பெட்டியிலயே கெடக்கட்டும்."

"ஏட்டி, டூப்ளிகேட்டுன்னா மாத்தினது யாரு? திருடன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"அப்ப அசல்னு சொல்லி அவனுக்கு வித்துக் குடுக்கப் போறீயளா?"

செல்வின் பழைய கடைப் பெட்டியைத் திறந்தார். லென்ஸை எடுத்துத் துடைத்தார்.

ஐயாதுரை வீட்டு ஹாலில் பச்சைத் துணிமேல் ரிவால்வர் இருந்தது. கௌதம்ராஜ் எழுந்து கும்பிட்டார். ஜேசுதாசன் காபி டம்ளரோடு, தன்னை எதற்கு அழைத்தார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

செல்வின் சாதாரணச் சிலிண்டரை எடுத்தார். முன்முகத்தில் கம்பெனிக்காரன் கீறிய மூன்று இலக்கம், துப்பாக்கியின் உடம்பான இரும்புச் சட்டத்தில் உள்ள நம்பரின் கடைசி மூன்றோடு ஒத்துப்போனது. வைத்துவிட்டு மேக்னம் சிலிண்டரை எடுத்தார். முன்முகம் வழவழவென்று இருந்தது. எண் இல்லை. கூராக இருக்க வேண்டிய ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது.

"இத யாரு அரைச்சது?"

"நாந்தான். டூப்ளிகேட்டுன்னு நெனச்சு, பளபளன்னாவது இருக்கட்டுமேன்னு பட்டறையில பாலீஷ் போட்டு, கறுப்பு ஏத்தி..." ஐயாதுரை பாதியில் நிறுத்திக்கொண்டார். "பொறவு அதத் தொடவேயில்ல."

செல்வின் அதைச் சட்டத்தில் மாட்டி மெல்லச் சுழற்றி, ஓரிடத்தில் நிறுத்தி, கௌதம்ராஜிடம் லென்ஸை நீட்டினார். சட்டத்தின் மேல்பட்டையில் பொட்டு அளவு துரு அரித்த குழி. அங்கிருந்து வழிந்த தடம் சிலிண்டர்மேலும் ஒரே கோடாக இறங்கியிருந்தது.

"இவரு அப்பா ஆயுத பூஜைக்கு மேக்னத்த மாட்டித்தான் சந்தனம் வைப்பாரு. ஈரச் சந்தனம் இரும்பத் தின்னுரும் அய்யா, தொடைச்சிருங்கன்னு பூஜைக்கு இங்க வாரப்பல்லாம் எம்புட்டோ சொல்லியிருக்கேன். கேக்கல. பாதி சட்டத்துல, பாதி சிலிண்டர்ல. பாலீஷுக்குக்கூட அந்தக் குழி போகல. அவரு செத்த பொறவுதான் இது எங்கடைக்கு வந்துச்சு."

"அப்ப இத யாரும் மாத்தவேயில்ல," என்றார் கௌதம்ராஜ்.

"மாத்தல. அசல்."

ஐயாதுரை முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல சார்."

"என்ன சொன்னீய? ஜேசுதாசன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அசல் இங்க இருக்குன்னா நான் எதத் திருடினேன்?"

ஐயாதுரை கௌதம்ராஜைப் பார்த்தார், ரிவால்வரைப் பார்த்தார். விற்கிற அவசரம். "செல்வின் ஒண்ணையும் எடுக்கல. நாந்தான் தோட்டாவ மாத்திப் போட்டிருக்கேன்."

ஜேசுதாசன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லது," என்ற செல்வின், கௌதம்ராஜ் பக்கம் திரும்பினார். "சார், அசல்தான். ஆனா நம்பர அரைச்சுத் தள்ளி, கறுப்ப மாத்தின அசல். பழசு சேக்கறவுக வட்டாரத்துல கை வச்ச துப்பாக்கிக்கு என்ன மதிப்புன்னு உங்களுக்கே தெரியும்."

கௌதம்ராஜுக்குத் தெரியும். ரிவால்வரைத் துணிமேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். "மன்னிக்கணும் ஐயாதுரை சார்."

"ஏலே, எனக்குக் குழி பறிக்கத்தான் வந்தியா?"

"குழி உங்கப்பா வச்சது. அரைச்சது நீங்க. நான் லென்ஸ் மட்டுந்தான் கொண்டாந்தேன்."

ஜேசுதாசன் வாசல்வரை கூடவே வந்தார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை கமிட்டி இருக்கு, வந்துருங்க."

"மைக்கிலதானவே என்ன நீக்கினீரு. மைக்கிலயே சொல்லும். பொறவு வாரேன்."

செருப்பை மாட்டியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஐயாதுரை இன்னும் அந்தப் பச்சைத் துணி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஆயுத பூஜை வருது மொதலாளி. சந்தனத்த நல்லா ஈரமா வையுங்க."