அந்த ஒரு வருஷம்

கரும்பலகையில் இரண்டு நிலைகளை எழுதி, நடுவில் கூட்டல் குறி போடுவதற்கு முன் அக்காவின் சாக்பீஸ் சற்று நிற்கும். புதுச்சேரியில் ஒரே கல்லூரியில் நாங்கள் இருவரும் இயற்பியல் நடத்தினோம். துறையில் எனக்கு மூத்தவர் என்பதால் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். குவாண்டம் இயற்பியலில் மேற்பொருந்துதல் தத்துவத்தை அவர் நடத்தும் நாளில் நானும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். எலெக்ட்ரானின் தற்சுழற்சி மேல்நோக்கியா, கீழ்நோக்கியா என்று அளந்து பார்க்கும்வரை அது இரண்டும் சேர்ந்த நிலையில் இருக்கலாம். அளந்ததும் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். "ஏற்கெனவே ஒளிஞ்சிக்கினு இருந்தத நாம கண்டுபுடிக்கறோம்னு நெனைக்காதீங்க" என்பார்.

அக்காவின் கணவர் ஒருநாள் காலையில் கடற்கரைக்கு நடக்கப் போனவர், திரும்பவில்லை. பாறைமேல் செருப்பு மட்டும் கிடந்தது. மீனவர்கள் படகெடுத்துத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. பிறகு யாரோ அவரை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னார்கள். அக்காவுக்கு அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது. முத்தியால்பேட்டை வீட்டில் அவருக்கும் சேர்த்தே சமைத்தார். கருமாதியை முடித்துவிடலாம் என்று வந்த நாத்தனாரிடம், "அவரு இல்லன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாராம். ஒருமுறை மீன் வாங்க நானும் அக்காவோடு போயிருந்தேன். பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீனைக் காட்டி, "அவருக்கு இதுதான் புடிக்கும்" என்றார். விஷயம் தெரிந்த மீன்காரம்மா நிமிராமல் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை அந்தப் பாடம் வந்தபோது, விவரம் தெரியாத ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், அப்போ காணாமப் போனவங்களும் இப்படித்தானா? கண்டுபுடிக்கற வரைக்கும் ரெண்டுமா இருப்பாங்களா?"

அக்கா நிதானமாகவே சொன்னார்: "இல்லம்மா. அவங்க ஏதோ ஒரு எடத்துல, ஏதோ ஒரு நெலையிலதான் இருப்பாங்க. நமக்குத் தெரியலன்றது வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத."

பாடத்தை முழுவதும் நடத்திவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்கு வந்த பிறகுதான் மேசைமேல் கவிழ்ந்து அழுதார்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் தெற்கே ஒரு கடலோர ஊரிலிருந்து போலீஸார் கூப்பிட்டார்கள். அங்கே கரையொதுங்கி, ஆள் யாரென்று தெரியாமல் புதைக்கப்பட்டிருந்த உடலுக்கும் அக்காவின் மகனுக்கும் டிஎன்ஏ சோதனை செய்ததில் பொருந்திவிட்டது. ஒரு வருஷத்துக்கு முன், அவர் காணாமல் போன அதே வாரத்தில் ஒதுங்கிய உடல் அது.

அக்கா வேலையை விட்டுவிட்டு இப்போது மகனோடு மூலக்குளத்தில் இருக்கிறார். அந்தப் பாடத்தை நடத்துவது என் பொறுப்பாகிவிட்டது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக, வகுப்பில் யாராவது நல்ல கேள்வி கேட்கிறார்களா என்று விசாரித்தார்.

"விழுப்புரத்துல பாத்தேன்னு சொன்னாங்களே, அன்னைக்கும் அவரு இல்ல. நான் சங்கரா கொழம்பு வெச்சன், அன்னைக்கும் இல்ல. அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னது சரிதாம்மா, தப்பே இல்ல" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஆனாலும், அந்த ஒரு வருஷம் அவரு கொஞ்சமாவது இருந்திருக்கக் கூடாதா?"