ஏழாவது தொட்டிப் புழுக்கள்

வானொலி நிலையத்தில் அவருக்கு 'நன்றியுரை' என்று பெயர். வாரம் ஒரு அறிஞரை அழைத்து, அவருடைய புதிய நூலைப் பற்றி அரை மணி நேரம் நேரலையில் பேசுவது அவர் வேலை. எந்த நூலானாலும் முதல் கேள்வி அதன் நன்றியுரையின் கடைசி வரியிலிருந்துதான் வரும். மனுஷன் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டியதே இல்லை என்பது சக ஊழியர்களின் துணிபு.

உண்மையில் அவர் எல்லாவற்றையும் படித்தார், அடிக்குறிப்பு, சொல்லடைவு உட்பட. படித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் தொழில் என்று முதல் வருடமே தெரிந்துவிட்டது. ஒரு வரலாற்றாசிரியரிடம் பக்க எண் சொல்லிக் கேள்வி கேட்டிருந்தார். அந்த ஆள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்போல வியர்த்து, 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டே சொற்களில் அரை மணியை ஓட்டிவிட்டுப் போனார். அறிஞர்களுக்குத் தம் நூலைப் படித்தவரைக் கண்டால் கிலி. வீட்டு மனிதர்களைப் பற்றிக் கேட்டால் இளகி, அந்த இளக்கத்திலேயே நூலுக்குள் வந்துவிடுவார்கள். அவருக்கு வாகான முகமும் அமைந்திருந்தது. ஒன்றும் படிக்காதவர் மாதிரியே இருப்பதால்தான் எல்லோரும் பேசுகிறார்கள் என்று மனைவி சொல்வாள். பாராட்டுதான்.

அன்று வந்தவர் மண்புழு ஆய்வாளர். பதினோரு வருட உழைப்பு, முதல் நூல். ஒரு பத்திரிகையும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த அரை மணியை விட்டால் வேறு மேடை கிடையாது. வரவேற்பறையில் அந்த அம்மாள் இதை இரண்டு முறை சொன்னார். குறிப்புத் தாள்களை மைக்குக்கு முன்னால் வரிசையாகப் பரப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மேடம், உங்க வீட்டுக்காரர் இல்லாம ஒரு பக்கம்கூட எழுதியிருக்க முடியாதுன்னு கடைசி வரியில போட்டிருக்கீங்க. அவரைப் பத்திச் சொல்லுங்களேன்."

"அவரைப் பத்தின்னா என் வக்கீலைத்தான் கூப்பிடணும்" என்றார் ஆய்வாளர். "புத்தகம் அச்சாகி வர ரெண்டு வருஷம் ஆச்சு சார். கல்யாணம் அவ்வளவு நாள் தாங்கலை."

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆய்வாளர் தாள்களைச் சேர்த்துத் தட்டி, கைப்பைக்குள் செருகத் தொடங்கினார். நேரலையில் ஐந்து நொடி மௌனம் என்பது ஒரு யுகம். நன்றியுரை தன் இருபது வருடக் கொள்கையை அங்கேயே கைகழுவினார்.

"இருநூத்திப் பதினாலாம் பக்கம், அடிக்குறிப்பு. மண்ணு கெட்டியா இருந்தா புழு ஒதுங்கிப் போகும்னு புத்தகம் பூரா சொல்றீங்க. ஏழாவது தொட்டியில மட்டும் கெட்டி மண்ணைத் தேடிப் போச்சுன்னு பொடி எழுத்துல இருக்கே மேடம். ஏன் போச்சு?"

ஆய்வாளர் நிமிர்ந்தார். வியர்க்கவில்லை.

"அதுவரைக்கும் படிச்சீங்களா?"

"சொல்லடைவு வரைக்கும்."

"நான் நன்றி சொன்ன ஆளே அதைப் படிக்கலை" என்றவர் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தெரியலை சார். மூணு காரணம் தோணுது. மூணுமே தப்பா இருக்கலாம்."

முதல் காரணத்துக்கே பன்னிரண்டு நிமிடம் ஆனது. மூன்றாவது தொடங்கும்போது செய்தி வாசிப்பவர் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். நன்றியுரை நாற்காலியைத் திருப்பி, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அன்று செய்தி நான்கு நிமிடம் தாமதம். இயக்குநர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தார். பதில் ஒரே வரிதான்: 'மண்புழு அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தது.'