மார்கழிப் பூவும் பூசணிப் பிஞ்சும்

பூசணி விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்று நாற்பத்து மூன்று வயதுவரை எனக்குத் தெரியாது. ஆழமாகப் புதைத்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைத்து மொட்டைமாடியில் வைத்த மண்பைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஊன்றினேன். கல்லூரி அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டி அலமாரிக்குள் தள்ளியே பழகிய புத்தி. பத்து நாள் ஆகியும் ஒன்றும் தலைகாட்டவில்லை. விதைக்கடை அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு வேறு விதை தந்தார். விரலின் முதல் கணு அளவு போதும் என்றார். ஆறாம் நாள் காலையில் தடித்த இரண்டு இலைகள் மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்தன. என் மகள் மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கி வந்து, "அப்பா, முளைச்சிட்டு" என்றாள்.

அவளுக்குப் பதினொரு வயது. அவளுடைய அம்மா போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. அந்த ஒரு வருஷமும் எங்கள் வாசலில் கோலம் இல்லை, பண்டிகை இல்லை. இந்த மார்கழியில்தான் மறுபடியும் கோலம் போடலாம் என்றாயிற்று.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு மார்கழி என்றால் பூசணிப் பூ. விடியுமுன் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்து, அதன்மேல் மஞ்சள் மஞ்சளாகப் பூவைச் செருகுவார்கள். சாயங்காலம் பூவையும் சாணியையும் சேர்த்து வட்டமாகத் தட்டிக் காயவைப்பார்கள். மாதம் முழுக்க இப்படிச் சேர்த்து, பொங்கல் கழிந்ததும் வாசலில் சிறுவீடு வரைந்து பொங்கலிட்டு, அந்தக் காய்ந்த பூத்தட்டுகளை ஆற்றில் விடுவார்கள். முன்பெல்லாம் பின்புறத்துக் காலிமனையில் படர்ந்து கிடந்த கொடியில் என் மனைவி பூப் பறித்து வருவாள். அந்த மனையில் இப்போது மூன்று மாடி அடுக்ககம் நிற்கிறது. பூவுக்காகத்தான் நான் விவசாயி ஆனேன்.

அந்த நேரத்தில் என் மனதில் வேறொரு பயமும் இருந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் என் அக்காள் வாராவாரம் பஸ் ஏறிக் குழம்பும் துவையலுமாக வந்துவிட்டுப் போவாள். ஐப்பசியில் ஒருநாள் மாடியில் என் மண்பையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏலே, வயசுக்கு வரப்போற பிள்ள. ஆம்பள நீ ஒத்தையில என்னத்தப் போட்டு வளப்ப? எங்கூட அனுப்பிரு. அங்கன ரெண்டு அக்காமாரு இருக்காளுவ. பொங்கல் கழிஞ்சு வாரேன், பிள்ளகிட்டயே கேப்போம். வாரேன்னு சொன்னா அடுத்த வருசம் அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருவோம்."

அக்காள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. மகளுக்கு நான் பின்னிவிடும் சடை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நிற்கும். அம்மாவைப் பற்றி அவள் என்னிடம் வாயே திறப்பதில்லை. நானும் கேட்பதில்லை, கேட்கப் பயம். அத்தை கூப்பிட்டால் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கொடியையாவது ஒழுங்காக வளர்ப்போம் என்று இறங்கினேன். ஆற்றங்கரை ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அளவு தெரியுமா? காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. இலையெல்லாம் பழுத்துப்போனது. "வே, அது என்ன நெல்லா? மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாரும். காஞ்சிருந்தா மட்டும் ஊத்தும்" என்றார் அண்ணாச்சி. பையின் அடியில் அடைத்திருந்த துளைகளைக் கம்பியால் குத்திவிட்டேன். மண்ணோடு மக்கிய சாணத்தைக் கலந்தேன். இரண்டு வாரத்தில் கொடி தெளிந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

மார்கழி முதல் நாள் மூன்று பூ. ஐந்து மணிக்குக் கைபேசி வெளிச்சத்தில் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். மகள் வாங்கி, சாணி உருண்டையில் ஒவ்வொன்றாகச் செருகிவிட்டு, கொஞ்ச நேரம் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். ஊரிலேயே அழகான கோலம் எங்கள் வாசலில் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் அது கோணல்மாணலாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்தில் பிஞ்சுகள் வந்தன. சில பூக்களின் அடியில் மட்டும் கோலிக்குண்டு பருமனில் பச்சையாக உருண்டை. அந்தப் பூக்களை நான் தொடவே மாட்டேன். மற்றதை மட்டும் பறிப்பேன். எனக்கு ஏக மிதப்பு. ஆனால் நாலாம் நாள் முதல் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன். மோர் தெளித்தேன். கண்ணேறாக இருக்கும் என்று பழைய செருப்பைக்கூடக் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு பிஞ்சாகப் பொறுக்கும்போதும் அக்காள் காதுக்குள் வந்து, "என்னத்தப் போட்டு வளப்ப?" என்று கேட்டாள்.

வெம்பிய பிஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூவு எத்தன மணிக்குப் பறிக்கீரு?"

"அஞ்சு மணிக்கு."

"எந்தப் பூவ?"

"பிஞ்சு இல்லாத பூவத்தான் அண்ணாச்சி."

அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது பூராவும் ஆம்பளப் பூ வே! உள்ளதே ஒத்தக் கொடி. விடியுமுன்ன எல்லாத்தையும் பறிச்சு வாசல்ல வச்சிட்டீருன்னா, வண்டு வந்து எதுல இருந்து மகரந்தத்த எடுக்கும்? பிஞ்சு வெம்பாம என்ன செய்யும்?"

அன்று இரவு தோசை ஊற்றிக்கொண்டே மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆண் பூவில் இருக்கிற தூளை வண்டு பெண் பூவில் கொண்டுபோய்த் தடவினால்தான் காய் பிடிக்கும், அதனால் ஒரு ரெண்டு மூணு நாள் மட்டும் பூப் பறிக்காமல் விடுவோமா என்று கேட்டேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஒரு நாளுகூட விட்டதில்லல்லா" என்றாள்.

எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "விடாண்டாம்ட்டி. பூவே வைப்போம். காய் போனாப் போவுது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் நான் மாடிக்குப் போகும்போது அவள் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றாள். கையில் பறித்த ஆண் பூ ஒன்று. அப்போதுதான் விரிந்திருந்த அடியில் பிஞ்சுள்ள ஒரு பெண் பூவுக்குள் அதை விட்டு, "பைய, பைய" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தடவினாள். பிறகு பூவை என்னிடம் காட்டினாள். இதழ் ஒன்றுகூடக் கசங்கவில்லை.

"வண்டு வேலைய நான் பாத்துட்டேன்ப்பா. இனும இத வாசல்ல வைக்கலாம்லா?"

இத்தனை வயசுக்கு எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றிவிட்டது. கோலம் போடும்போது, அம்மா புள்ளி வைக்கையில் எண்ணிக்கையை மறந்து மறந்து அழிப்பாள் என்று சொல்லிச் சிரித்தாள். நான் மாவுக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன். அன்றிலிருந்து தினமும் பேச ஆரம்பித்தாள். அம்மா பாட்டை எந்த இடத்தில் தப்பாகப் பாடுவாள், யாரிடம் சண்டை போட்டாள், எல்லாம். பாதி எனக்கே தெரியாது.

அந்தப் பிஞ்சு நின்றது. பொங்கலுக்குள் தேங்காய்ப் பருமன் ஆகிவிட்டது. கனம் தாங்காதென்று பழைய துண்டில் தூளி கட்டிவிட்டோம்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். மகள் வாசலில் சிறுவீடு வரைந்தாள். அடுக்களை, பூசையறை என்று பிரித்து, சின்னப் பானையில் பொங்கலிட்டாள். பூத்தட்டுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஆற்றுக்குப் போனோம். வாழையிலையில் கொஞ்சம் பொங்கலும் வெற்றிலையும் வைத்து, ஒவ்வொரு தட்டாக அவளே தண்ணீரில் விட்டாள்.

எல்லாம் போனபிறகு அக்காள் அவள் தோளைத் தொட்டு, "எங்கூட வாரியாட்டி? அங்கனயே இருந்து படிக்கலாம்" என்று கேட்டாள். நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

மகள் பாவாடை ஓரத்தைப் பிழிந்துகொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"லீவுக்கு வாரேன் அத்தை. எனக்கு வாசல் இங்கனதான இருக்கு."

அக்காள் அவளை அணைத்துக்கொண்டாள். என் மனைவி போன அன்றைக்குக்கூட மகள் முன்னால் நான் அழுததில்லை. அன்று படித்துறையிலேயே உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்க அழுதேன்.