பஞ்சடைத்த பால் பாட்டில்

முட்டைக்கோஸைத் தின்கிற ஏதோ ஒரு அந்துப்பூச்சியிடமிருந்து தாவும் மரபணுவை எடுத்து, அதைக் கருவியாக்கி, மனித செல்லுக்குள் வேண்டிய மரபணுவை ஏற்றுகிறார்களாம். பேப்பரில் போட்டிருந்தான். படித்ததும் வயிறு எரிந்தது. நானும் அந்த வேலையில் இருந்தவள்தான் ஐயா, பட்டம் வாங்காமலே வெளியே வந்தவள்! என்னுடையது பழ ஈ. வாழைப்பழத்தை மொய்க்குமே, எள்ளு மாதிரி, அது.

மரபணு என்றால் இருந்த இடத்தில் இருக்கும் என்றுதான் பாடத்தில் படித்தோம். இந்தத் தாவும் மரபணு அப்படி இருக்காது, பெயர்ந்து வேறிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் முதுகில் இன்னொரு மரபணுவைக் கட்டிவிட்டால் அதையும் தூக்கிக்கொண்டு போகும். சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, வெள்ளைக் கண்ணோடு பிறக்கும் ஈக்களின் முட்டைகளில், சிவப்புக் கண்ணுக்கான மரபணுவை இப்படி ஏற்றி ஊசி போட்டேன். போட்ட முட்டையெல்லாம் செத்தது. வருஷக்கணக்கில் மாரடித்து, கடைசியில் ஒரே ஒரு ஈயின் பிள்ளைகள் சிவப்புக் கண்ணோடு பிறந்தன. சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் பட்டம் மொத்தமும் அந்த வம்சத்தில்தான் இருந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த சமயம். ஆய்வுக்கூடத்தில் ஏ.சி. கெட்டு, வெக்கையில் ஈக்கள் சாக ஆரம்பித்தன. மிஞ்சியதைப் பால் பாட்டிலில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, வெள்ளிமலைக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு அங்கே ரேஷன் கடையில் வேலை. கல்வராயன் மலைக் குளிரில் பிழைத்துப் பெருகின. ஏ.சி. சரியாகிவிட்டது என்று தகவல் வந்தபோது கீழே மறியல். பாதியை மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். தோன்றவில்லையே!

அடிவாரம்வரை ஜீப் கிடைத்தது. அதற்குமேல் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சின்னசேலத்தில் ரயில் ஓடுகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, அப்பா ஒரு வாடகைச் சைக்கிளை எடுத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தார். பாட்டில் என் மடியில்.

வழியில் போலீஸ் நின்று, பெட்ரோல் பாட்டில் வைத்திருப்பவர்களைத் தேடிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா அது, திரியெல்லாம் வச்சிக்கினு?” என்றார் ஏட்டு.

“ஈ சார். மரபணு தாவுன ஈ.”

“தாவுமா? யார்கிட்ட கதை உடுற?”

“தொறக்காதீங்க சார், அது எம் பொண்ணு படிப்புங்க,” என்று அப்பா கெஞ்சினார்.

ஏட்டு பஞ்சைப் பிடுங்கி மோந்தார். ஈக்குத் தீனியாக வைத்த கூழில் வெல்லமும் ஈஸ்டும் இருந்தன; புளித்த வாடை குப்பென்று ஏறியிருக்கும். “அட, மலைச் சாராயம்!” என்றவர், மலையில் ஊறல் பானைகளைக் கவிழ்த்துப் பழகிய கையால் பாட்டிலைத் தார் ரோட்டில் கவிழ்த்துத் தட்டினார். முட்டையும் புழுவும் கிடந்த கூழ் சூட்டில் காய்ந்தது. ஈக்கள் அவர் தொப்பியைச் சுற்றிவிட்டுப் பறந்துவிட்டன.

“எல்லாம் போச்சே!” என்று நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். ஏட்டு பயந்துவிட்டார்.

“அழாதம்மா. ஈதானே, எங்க போயிடும்? புடிச்சிக் குடுத்துடறேன்.”

பக்கத்துப் பெட்டிக்கடையில் வாழைத்தார் தொங்கியது. கனிந்த பழங்களை ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

“உன்னுது எப்பிடிம்மா இருக்கும்?”

“கண்ணு செவப்பா இருக்கும் சார்.”

சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, பொறுமையாகப் பார்த்தார் மனுஷன். “எல்லாத்துக்கும் செவப்பாதாம்மா இருக்குது.”

வாஸ்தவம்தான். ஊரிலுள்ள பழ ஈக்கெல்லாம் பிறவியிலேயே சிவப்புக் கண். நான் பாடுபட்டதே என் ஈயும் அவற்றைப்போல் ஆகவேண்டும் என்றுதான். அவர் பக்கத்தில் நானும் குனிந்து தேடினேன்.

“எதும்மா நம்முளுது?” என்றார் அப்பா, பின்னாலிருந்து.

எனக்கும் தெரியவில்லை.