சாம்பலுக்கு முன் திறந்த டப்பா

பவுலா இருபத்தாறு வருஷம் வீட்டு நர்ஸாக இருந்தாள். படுக்கையில் கிடப்பவர்கள் சொன்னதை அறைக்கு வெளியே கொண்டு போனதில்லை. ஓய்வுக்குப் பிறகு பொழியூர்க் கத்தோலிக்கக் கோயிலில் மறைக்கல்வி டீச்சரானாள்.

தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு, போன வருஷக் குருத்தோலைகளை எரித்து விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள். அதற்கு முந்தைய வாரமே பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் துண்டுக் காகிதம் கொடுத்தாள்.

"ஆண்டவரை விட மேல நீங்க வச்சிருக்கது எதுவோ, அந்த விக்கிரகத்தை எழுதுங்க. பேரு வேண்டாம். ஓலையோட எரிப்போம். ஒருத்தரும் வாசிக்க மாட்டாவ. இது என் வாக்காக்கும்."

பிஸ்கட் டப்பாவில் பதினான்கு காகிதம் விழுந்தது. அதைப் பூட்டி வைக்கச் சொல்லித் மறைக்கல்வித் தலைமை ஆசிரியர் சகாயதாஸிடம் கொடுத்தாள். தப்பு அங்கேதான் நடந்தது.

வியாழக்கிழமை, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான ரெஷ்மாவின் அம்மா மகள் கன்னத்தில் அறைந்து போனைப் பிடுங்கினாள். வீட்டுக்குத் தெரியாத இன்ஸ்டா கணக்கு. பாடற்குழுவில் நிற்கும்போதும் எத்தனை லைக் என்றே நினைப்பதாக ரெஷ்மா எழுதியிருந்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற சகாயதாஸுக்குக் கையெழுத்து தெரியும். டப்பாவைத் திறந்து வாசித்து, எட்டு வீட்டுக்கு அவர் போன் செய்திருந்தார்.

பவுலா நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"பிள்ளையளைக் காப்பாத்தத்தானக்கா. விக்கிரகம் எதுன்னு தெரியாம எப்படி உடைக்கது?"

"உடைக்கதுக்குத்தானலே அதுவளே தூக்கிட்டு வந்துது! நீ வழியில பிடுங்கிப்போட்டியே."

"பிள்ளையளைத் திருத்தினதை ரிப்போர்ட்டுல எழுதினா மறைமாவட்டத்துல நல்ல மறைக்கல்விக்குள்ள ஷீல்டு நமக்குத்தான். நாலாவது வருஷம்."

"அப்போ அந்த ஷீல்டையும் ஒரு காகிதத்துல எழுதிப் போடு, சகாயம்."

டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள். ஓலைக் குவியலில் தீ பிடித்திருந்தது. பவுலா சுற்றிவளைக்கவில்லை.

"டப்பாவை நான்தான் குடுத்தேன். வாக்கைக் காப்பாத்தல்ல. அவங்கவங்க எழுதினதை எடுத்துக்கிடுங்க."

"நீங்க வாசிச்சியளா டீச்சரே?" என்று கேட்டாள் ரெஷ்மா.

"இல்ல."

"அதை நான் எப்படி நம்பதுக்கு?"

காயத்துக்கு மருந்து கட்டத் தெரிந்த கை, டப்பாவை நீட்டியபடி நின்றது.

ரெஷ்மா தன் காகிதத்தைத் தேடி எடுத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த குருத்தோலையை மட்டும் தீயில் போட்டாள்.

"இது ஆண்டவருக்கு எழுதினதாக்கும். நானே குடுத்துக்கிடுதேன். இனி இடையில ஆளு வேண்டாம்."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனாள். ஆளில்லாத முன்வரிசையில் போய் முழங்காலிட்டாள். பவுலா பின்னால் போகவில்லை. போனால் அந்தப் பிள்ளை எழுந்து போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.