மூடியில் போட்ட கோடு

தட்டு அக்காவுக்குத் தெரிந்த தாவரவியல் இரண்டே வரி. சிவப்பு மூடி பாட்டில் வேருக்கு, நீல மூடி பாட்டில் தளிருக்கு. சிவப்பில் ஆக்சின், நீலத்தில் சைட்டோகைனின் என்று சீட்டு ஒட்டியிருக்கும். அவளுக்குச் சிவப்பு, நீலம் போதும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் தாவர ஆய்வகம் ஒன்றில் கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள். கை வெந்து, தோல் உரிந்து, மெல்ல மெல்லத் தராசு பிடிக்கக் கற்றாள். விதை முளைக்கும் அகர் கூழைக் காய்ச்சி, மருந்து கலந்து, வட்டத் தட்டுகளில் ஊற்றும் அறையின் சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது. தட்டு அக்கா என்ற பெயரும் அப்படி வந்ததுதான். போன மாதம் உப்பை இருமடங்கு கொட்டிவிட்டாள். துறைத் தலைவர் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை நடந்தால் கழுவுகிற அறைக்கே போய்விடலாம் என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

திங்கட்கிழமை காலை நாற்று அறையைத் திறந்தாள். வெள்ளை விளக்கின் கீழ் தட்டுகள் செங்குத்தாக நின்றன. கறுப்புக் கோடு போட்ட, மருந்தில்லாத பன்னிரண்டு தட்டுகளில் வேர்கள் நூல் விட்டதுபோல் நீளமாக இறங்கியிருந்தன. சிவப்புக் கோடு போட்ட பன்னிரண்டிலும் வேர் நகக்கண் அளவோடு நின்றுவிட்டது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வேர் மருந்து போட்ட இடத்தில் வேரைக் காணோம். அப்படியானால் நீலத்தை இதில் ஊற்றிவிட்டாளா? நீலக் கோட்டுத் தட்டுகளை எடுத்தாள். அதிலும் குட்டை. இரண்டிலும் ஒரே மருந்தா? தட்டு ஊற்றிய, போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமையை ஒவ்வொரு நிமிடமாக நினைத்துப் பார்த்தாள். குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் என்று புருஷன் போன் செய்தது நினைவிருந்தது. எந்தப் பாட்டிலை எப்போது எடுத்தாள் என்பது மட்டும் பிடிபடவில்லை.

பத்து மணிக்கு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். மூன்று வருடமாக ஒரே செடியின் விதைகளோடு மல்லுக்கு நிற்பவள். அக்கா தட்டை நீட்டினாள்.

“சிவப்புல வேர் நின்னுபோச்சும்மா. மாத்தி ஊத்திட்டேன் போல.”

பெண் சிரித்தாள். அப்படித்தான் நிற்கும் என்றாள். வேர் நுனிக்குள் சில செல்கள் அதிகம் பிரியாமல் சும்மா உட்கார்ந்திருக்குமாம். சுற்றியிருக்கும் செல்களை முதிரவிடாமல் வைத்திருப்பது அவைதானாம். முதிராத அந்தச் செல்கள்தான் பிரிந்து பிரிந்து வேரை வளர்க்குமாம். அந்த ஏற்பாடு கலையாமல் பார்த்துக்கொள்வது சிவப்பு. பிரிந்தது போதும், முதிர்ந்துகொள் என்று அவசரப்படுத்துவது நீலம். ஆனால் சிவப்பே அளவு மீறினால் வேர் நீளாது. பக்கவாட்டில் கிளைத்துத் தாடி விடும். நீலம் மிஞ்சினால் தாடியும் இல்லை, மொட்டை.

“அப்போ எதும்மா வேர் மருந்து?”

“ரெண்டும்தான்க்கா. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இல்ல.”

பத்தொன்பது வருடமாகக் கையில் வைத்திருந்த இரண்டு வரியும் போயிற்று. தப்பு இல்லை என்று நிம்மதிப்படவும் தெரியவில்லை. தட்டுகளைத் திருப்பி அடுக்கும்போது கண் தானாகத் தாடியைத் தேடியது. சிவப்பில் பத்துத் தட்டு தாடி. இரண்டு மொட்டை. நீலத்தில் பத்து மொட்டை. இரண்டு தாடி.

அப்போதுதான் உறைத்தது. கோட்டைத் தட்டின் அடியில் போடவேண்டும். அன்று அவசரத்தில் மூடியில் போட்டாள். ஈரம் உலர மூடிகளைக் கழற்றி வைத்தாள். எந்த மூடி எதற்கென்று பார்க்காமல் திரும்ப மூடினாள்.

பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. சொன்னால் சாவி போகும். சொல்லாவிட்டால் நாலு தட்டு பொய்யாக நோட்டில் ஏறும். அக்கா கதவுவரை போனாள். எதற்குத் திரும்பினாள் என்று பிற்பாடு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

“இந்த நாலுலயும் மூடி மாறியிருக்கும்மா. கோட்ட மூடியில போட்டுட்டேன்.”

பெண் பேனாவை வைத்தாள். நாலு தட்டையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பிறகு தலைவரை அழைத்து வந்தாள்.

“யார் கண்டுபிடிச்சது?” என்றார் அவர்.

“அக்காதான் சார்.”

“யார் பண்ணது?”

“அதுவும் அக்காதான் சார்.”

அவர் தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். அவள் சாவியை உருவி மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“புதன்கிழமைக்குள்ள எல்லாத் தட்டும் மறுபடி வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளிடம் சொன்னாரா, பெண்ணிடம் சொன்னாரா? மன்னித்தாரா, வேறு ஆள் கிடைக்கும்வரை ஓட்டச் சொன்னாரா? பெண்ணிடம் கேட்டாள். பெண்ணுக்கும் விளங்கவில்லை. சாவி மேசைமேலேயே கிடந்தது. அகர் காய்ச்ச நேரமாகிவிட்டது; சாவியை எடுத்துக்கொண்டு போய் அறையைத் திறந்தாள். முப்பத்தாறு தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கோடு போட்டாள். பிறகு மூடியிலும் போட்டாள்.